ஈ.பி. லைன் இல்லாத சோலார் வீட்டில் ஏசி போட்டுத் தூங்க முடியுமா? ஒரு ராத்திரிக் கணக்கு

இரவு மணி 11.40. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பு நடுவே இருக்கும் வீட்டில் இரண்டரை மணி நேரமாக ஓடிய ஏசியை இப்போதுதான் நிறுத்தினார்கள். மொபைல் ஆப்பில் பேட்டரி 38 சதவீதம் காட்டுகிறது. பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் இன்வெர்ட்டர் தானாக ஆஃப் ஆகிவிடும். பேனலில் உருப்படியாக வெயில் விழக் காலை ஏழு, ஏழேகால் ஆகும்.

"ஏங்க, இன்னொரு மணி நேரம் ஏசி போடலாமா? அத்தைக்கு வேர்த்துக் கொட்டுது."

அத்தைக்கு சர்க்கரை. அவருடைய இன்சுலின் சமையலறை ஃபிரிட்ஜில் இருக்கிறது. அந்த ஃபிரிட்ஜும் இதே பேட்டரியில்தான் ஓடுகிறது. ஏசி போடலாமா, கூடாதா?

இந்த வீடு கணக்குக்காகக் கற்பனை செய்தது. ஆனால் இதில் வரும் வாட்ஸ் எல்லாம் நம் வீடுகளில் ஓடும் சாதனங்களின் நிஜ எண்கள். ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம், சின்னதாக ஒரு வீடு, லேப்டாப்பில் வேலை, ஈ.பி.க்குக் கம்பம் நடக் காத்திருக்காமல் முழுக்க சோலார் என்று கனவு காண்பவர்கள் இப்போது நிறையப் பேர். அந்தக் கனவில் பொதுவாக மதிய வெயில் இருக்கும். நள்ளிரவு 11.40 இருக்காது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்

கரன்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்ஸ் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. இந்த வீட்டில் இருப்பது 5 யூனிட் கொள்ளளவு உள்ள லித்தியம் பேட்டரி. 38 சதவீதத்தில் தொடக் கூடாத பத்தைக் கழித்தால் மிச்சம் 28. அதாவது 1.4 யூனிட்.

இரவில் நிறுத்த முடியாத செலவு எவ்வளவு? மூன்று ஃபேன், ஒவ்வொன்றும் 30 வாட்ஸ். ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் சராசரியாக 35 வாட்ஸ். வைஃபை ரவுட்டர் 10. இது போக இன்வெர்ட்டர் உயிரோடு இருப்பதற்கு மட்டும் 40. எல்லாம் சேர்த்து மணிக்கு 175 வாட்ஸ். விடியும்வரை ஏழரை மணி நேரத்துக்கு 1.3 யூனிட் ஆகிறது. கையில் இருப்பது 1.4. மயிரிழையில் தப்பிக்கலாம்.

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, அறை ஓரளவு குளிர்ந்த பிறகு மணிக்கு 600 வாட்ஸ் அளவில் இழுக்கும். இன்னொரு மணி நேரம் ஓடவிட்டால் 12.40-க்கு மிச்சம் இருப்பது சுமார் 0.6 யூனிட். அது மூன்றரை மணி நேரம் தாங்கும். அதிகாலை நாலே காலுக்கு வீடு மொத்தமும் அணைந்துவிடும். ஃபேன் நின்றதும் எல்லாரும் எழுந்துகொள்வார்கள். இன்சுலினுக்கு உடனே ஆபத்தில்லை, ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் மூன்று மணி நேரம் குளிர் தாங்கும். ஆனால் வேர்வையோடு உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு அந்த மூன்று மணி நேரம் ரொம்ப நீளம்.

அப்படியானால் ஒரு மணி நேர ஏசிக்கு விலை மூன்று மணி நேர ஃபேன். லைன் உள்ள வீட்டில் இந்தப் பேரம் நடக்கவே நடக்காது.

மதியம் என்ன நடந்தது?

இதே வீட்டு மாடியில் 3 கிலோவாட் பேனல் இருக்கிறது. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட், நல்ல நாளில் அதற்குச் சற்று மேலேயும் கிடைக்கும். அதாவது 12 யூனிட். மே மாதம்தான் அதிகமாக வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. மே மாத மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தொடும். பத்து சதவீதத்துக்கு மேல் அங்கேயே போச்சு. மாசி, பங்குனி வெயில்தான் பேனலுக்குப் பிடித்த வெயில்.

இருந்தாலும் 11 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் ஒரு நாள் செலவு எவ்வளவு? ஃபேன்களுக்கு 1.3, விளக்குகளுக்கு 0.35, ஃபிரிட்ஜுக்கு 0.85, இரண்டு லேப்டாப்புக்கு 0.9, போர் மோட்டாருக்கு 1, டிவி, ரவுட்டர், மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 1.4. இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு 1. கூட்டினால் 6.8. அதோடு அந்த இரண்டரை மணி நேர ஏசிக்கு 1.5. மொத்தம் 8.3.

வரவு 11, செலவு 8.3. பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது ஆகும் சேதாரத்தைக் கழித்தாலும் இரண்டு யூனிட் மிச்சம். பிறகு ஏன் நள்ளிரவில் இந்தப் பிச்சைக்காரப் பேச்சு?

காரணம், மதியம் ஒன்றரை இரண்டு மணிக்கே பேட்டரி நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு வந்த வெயிலுக்குப் போக இடமில்லை. லைன் உள்ள வீடாக இருந்தால் உபரி மின்சாரம் கம்பி வழியே வெளியே போய், பில்லில் கழிந்திருக்கும். லைன் இல்லாத வீட்டில் பேனல் அப்படியே சும்மா நிற்கும். தலைக்கு மேல் வெயில் கொளுத்துகிறது, பேட்டரியில் 100 சதவீதம், அத்தை ஹாலில் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருக்கிறார், 'ராத்திரிக்கு வேணும்' என்று சொல்லி ஏசியை யாரும் போடவில்லை. மிச்சம் பிடிக்கத்தான் போடாமல் இருந்தார்கள். அன்றைக்கு உண்மையில் வீணானது அந்த மிச்சம்தான்.

லைன் வீட்டில் மிச்சம் பிடிப்பது என்றால் எப்போது அணைத்தாலும் மிச்சம். லைன் இல்லாத வீட்டில் மதியம் இரண்டு மணி யூனிட்டும் நள்ளிரவு இரண்டு மணி யூனிட்டும் ஒரே சரக்கு இல்லை. முன்னது கேட்பாரற்றுக் கிடப்பது. பின்னது ஒவ்வொன்றும் பேட்டரிக்குக் கொடுத்த காசு. வசதியைக் குறைத்துக்கொள்வதா என்று கேட்பதற்கு முன்னால், எந்த வசதியை எந்த நேரத்துக்கு நகர்த்தலாம் என்று கேட்பதுதான் சரி.

எதையெல்லாம் மதியத்துக்கு நகர்த்தலாம்?

முதலில் மோட்டார். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் ஏற்றும் பழக்கத்தைப் பதினொரு மணிக்கு மாற்றினால், முந்தின நாள் ராத்திரி மிஞ்சிய பேட்டரியைத் தொடாமல் வேலை முடியும். இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட்ஸ்தான். கிளம்பும் நொடியில் அதைப்போல் சில மடங்கு இழுக்கும். அந்த நொடிக்காகவே பெரிய இன்வெர்ட்டர் வாங்க வேண்டிவரும், பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் அதிகம் தின்னும். போருக்கு மட்டும் தனியாக இரண்டு பேனல் போட்டு, நேரடியாக சோலாரில் ஓடும் பம்பை வைத்துவிட்டால் இந்தச் சங்கிலியே அறுந்துவிடும். மேல்நிலைத் தொட்டியும் ஒரு பேட்டரிதான். வெயிலைத் தண்ணீராக மாற்றி உயரத்தில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆயிரம் லிட்டர் தொட்டியை இரண்டாயிரமாக மாற்றும் செலவு பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வெந்நீர் அடுத்தது. கீசர் 2,000 வாட்ஸ். காலையில் நாலு பேர் குளிக்க ஒன்றரை, இரண்டு யூனிட் ஆகும். முந்தின இரவு முழுக்க மூன்று ஃபேனும் ஃபிரிட்ஜும் சேர்ந்து தின்றதைவிட அதிகம். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் மின்சாரமே வேண்டாம். மாந்தோப்பில் விறகுக்குப் பஞ்சமா என்ன, பழைய பாய்லரும் போதும். சூடாக்குகிற எதையும் பேட்டரியில் ஓடவிடக் கூடாது என்பது லைன் இல்லாத வீட்டின் முதல் சட்டம். அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, எலெக்ட்ரிக் கெட்டில் எல்லாம் இதில் அடக்கம். மதியச் சமையலுக்கு இண்டக்‌ஷன் ஓடட்டும், தப்பில்லை. ராத்திரி தோசைக்கு கேஸ்.

தோசை என்றதும் மாவு. சாயங்காலம் ஆட்டி ராத்திரி முழுக்கப் புளிக்கவிடுவதுதான் வழக்கம். காலையில் ஊறப் போட்டுப் பதினொரு மணிக்கு கிரைண்டரில் போட்டால், இந்தச் சூட்டில் சாயங்காலத்துக்குள் மாவு பொங்கிவிடும். உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வாஷிங் மெஷினும் அப்படித்தான்.

ஃபிரிட்ஜை நகர்த்த முடியாது, ஆனால் ஏமாற்றலாம். காலி வாட்டர் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் வைத்தால் பகலில் ஐஸ் ஆகும். ராத்திரியில் அந்த ஐஸ் குளிரைத் தாங்கிப் பிடிக்க, கம்ப்ரஸர் ஓடும் நேரம் குறையும். சுவரை ஒட்டி நெருக்கி வைக்காமல் பின்னால் காற்றுப் போக இடம் விட்டால் இன்னும் நல்லது.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இந்த 'பதினொரு மணி வேலைகள்' எல்லாம் யார் தலையில் விழுகின்றன? மோட்டார் போட, மாவு ஆட்ட, துணி போட, மேகம் கூடினால் ஓடிப்போய் நிறுத்த, பகலில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண். சோலார் விற்பவர் தரும் எஸ்டிமேட்டில் இந்த வேலைக்கு ஒரு வரி கிடையாது. இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டைமர் சுவிட்சுகளை மோட்டாருக்கும் வாஷிங் மெஷினுக்கும் மாட்டுவதுதான் நியாயம்.

ஃபேனில் இருக்கிறது பாதி ரகசியம்

மேலே ஃபேனுக்கு 30 வாட்ஸ் என்று போட்டது பி.எல்.டி.சி. ஃபேனுக்கான கணக்கு. பல வீடுகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ். மூன்றும் பழசாக இருந்திருந்தால் இரவுச் செலவு மணிக்கு 175-லிருந்து 310 வாட்ஸாக ஏறியிருக்கும். ஏசியைத் தொடாமலே, அதே நாலு மணிக்கு வீடு இருண்டிருக்கும்.

பழைய ஃபேனைவிட பி.எல்.டி.சி. ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய் கூடுதல். நாலு ஃபேனுக்கு ஐயாயிரம், ஆறாயிரம். அது ஒரு நாளைக்கு மிச்சம் பிடிப்பது கிட்டத்தட்ட 2 யூனிட். அந்த 2 யூனிட்டைப் பேட்டரியில் சேமித்து வைத்துத்தான் கொடுப்பேன் என்றால் என்ன ஆகும்? சாதாரண 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. அதன் கொள்ளளவு 1.8 யூனிட். ஆயுள் கெடாமல் இருக்கப் பாதிதான் எடுக்கலாம், அதாவது 0.9. ஐயாயிரம் ரூபாய் ஃபேன் செய்யும் வேலையை முப்பதாயிரம் ரூபாய் பேட்டரி செய்கிறது, அதுவும் சில வருடங்களுக்குத்தான். சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம் என்பதால், கடையில் ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குவது இப்போது சுலபம்.

வெறும் காற்றோட்டம் உடம்புக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஏசி வந்த பிறகு நாம் மறந்துவிட்டோம். ஃபேன் அறையின் சூட்டைக் குறைப்பதில்லை. வேர்வையை உலர்த்துவதால் இரண்டு, மூன்று டிகிரி குறைந்த மாதிரி தோன்றுகிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்திய அலுவலகக் கட்டடங்களில் இருப்பவர்களைக் கேட்டு ஆராய்ந்தபோது, வெளிநாட்டு அளவுகோல்கள் சொல்வதைவிடக் கூடுதல் சூட்டிலும் நம்மவர்கள் சௌகரியமாக இருப்பது தெரிந்தது. ஏசியை 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால், 22-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதைவிட மிகக் குறைவான செலவில் அதே தூக்கம் வரும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திர லேபிள் ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்று விதி வந்ததும் இதற்காகவே.

இன்வெர்ட்டர் தின்னும் ஒரு யூனிட் கண்ணை உறுத்துகிறதா? உறுத்த வேண்டும். ஃபிரிட்ஜைவிட அதிகமாகத் தின்பது எந்த வேலையும் செய்யாமல் நிற்கும் அந்தப் பெட்டிதான். பேனல் தருவது டி.சி. மின்சாரம், பேட்டரியில் இருப்பதும் டி.சி. அதை ஏ.சி.யாக மாற்றி அனுப்ப, எல்.இ.டி. விளக்கும் பி.எல்.டி.சி. ஃபேனும் மறுபடி டி.சி.யாக மாற்றிக்கொள்கின்றன. எதற்கு இந்த ரெண்டு வேலை? இதே கேள்வியைக் கேட்டுத்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 48 வோல்ட் டி.சி.யில் நேரடியாக ஓடும் வீட்டு சோலார் அமைப்பை உருவாக்கினார்கள். ராஜஸ்தானின் ஜோத்பூர், ஜெய்சால்மர் பக்கப் பாலைவனக் குடியிருப்புகளில் லைன் எட்டாத வீடுகளுக்கு அது போனது. புதிதாக வீடு கட்டுபவர்கள் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டுமாவது தனி டி.சி. வயரிங் இழுக்கலாமா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுவது நல்லது. கட்டிய வீட்டில் சுவரை உடைத்துச் செய்யும் அளவுக்கு லாபம் இல்லை. தேவைக்கு மேல் பெரிய இன்வெர்ட்டர் வாங்காமல் இருந்தாலே போதும்.

உண்மையான குற்றவாளி தலைக்கு மேலே

11.40-க்கு அந்த அறை ஏன் அப்படிப் புழுங்கியது? வெளியே தோப்பில் காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. ஆனால் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம் வாங்கி வைத்த சூட்டை எல்லாம் இரவு எட்டு மணியிலிருந்து கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. தளத்துக்கு அடியில் கையை நீட்டினாலே அனல் தெரியும். ஏசி அன்றைக்குச் சண்டை போட்டது வானிலையோடு இல்லை, மொட்டை மாடியோடு. ஃபேனும் அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது.

மாடியில் வெள்ளையடிப்பது பேட்டரி வாங்குவதைவிட மலிவான 'மின்சார சேமிப்பு'. சுண்ணாம்போ, கடையில் கிடைக்கும் கூல் ரூஃப் பெயின்ட்டோ, வெள்ளை ஓடோ எதுவானாலும் வெயிலைத் திருப்பி அனுப்பும். மேல்தள அறையின் சூடு இரண்டிலிருந்து நாலு டிகிரி வரை குறையும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்து, கூல் ரூஃபைக் கட்டட விதிகளோடு சேர்த்தது. சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும், வருடா வருடம் பங்குனியில் அடிக்க வேண்டும். பெயின்ட் என்றாலும் தூசி படிந்தால் பலன் குறையும், கழுவ வேண்டும்.

அடுத்தது, பேனலை எங்கே வைப்பது? 3 கிலோவாட் என்றால் ஐந்து, ஆறு பெரிய பேனல்கள். சுமார் 160 சதுர அடி. கிட்டத்தட்ட ஒரு படுக்கையறையின் அளவு. வழக்கமாக மாடியில் எங்கே வசதியோ அங்கே நிறுத்திவிட்டுப் போவார்கள். அதையே படுக்கையறைத் தளத்துக்கு நேர் மேலே, காற்றுப் போக இரண்டு, மூன்று அடி இடைவெளி விட்டு நிறுத்தச் சொன்னால் பந்தல் போட்ட மாதிரி நிழல் விழும். கூடுதல் செலவு எதுவும் இல்லை, ஆர்டர் கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவே. பக்கத்து மாமரத்தின் நிழல் பேனலில் விழாமல் பார்த்துக்கொள்ளணும். ஒரு மூலையில் விழும் நிழல்கூட மொத்த வரிசையையும் இழுத்துவிடும். மரத்தின் நிழல் மேற்குச் சுவரில் விழுந்தால் அதைவிட நல்லது வேறில்லை, மாலை வெயிலை வாங்குவது அந்தச் சுவர்தான்.

இன்னும் கட்டவில்லை என்றால் வாய்ப்புகள் அதிகம். காரைக்குடி பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த சுவரும் முற்றமும் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. மரச்சட்டத்தில் செங்கல்லைக் குத்துக்காலாக அடுக்கி, சுண்ணாம்பு போட்டு, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸும் அப்படித்தான். லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ரேட்-ட்ராப் பாண்ட் சுவர் இப்போதும் கட்டக்கூடியது. செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் செங்கல் கால்பங்கு மிச்சம், உள்ளே இருக்கும் காற்று சூட்டையும் தடுக்கும். ஆனால் இது தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பெரிய பாடு.

நத்தம் மாதிரி உள்மாவட்டக் கோடையில் காற்று வறண்டிருப்பதால் ஏர்கூலரும், நனைத்த வெட்டிவேர்த் தட்டியும் நன்றாக வேலை செய்யும். நூறு, நூற்றைம்பது வாட்ஸ்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ கூலர் வாங்கினால் பணம் வீண். கடற்கரைக் காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகம், கூலர் இன்னும் ஈரத்தை ஏற்றிப் பிசுபிசுப்பைத்தான் கூட்டும்.

இதே மாதிரி பேட்டரிக்கும் புழுங்கும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கிறது. அதை மாடிப்படி அறையில் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான, காற்றோட்டமான மூலை அதற்குத்தான்.

கார்த்திகை மழையில் என்ன செய்வது?

கோடை இரவு தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் லைன் இல்லாத வீட்டுக்கு நிஜமான பரீட்சை ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் தொடர்ந்து மூடினால் 12 யூனிட் தரும் பேனல் மூன்று தரும். புயல் நாளில் ஒன்று கிடைத்தாலே பெரிசு.

இங்கே இயற்கை கொஞ்சம் கருணை காட்டுகிறது. மழை பெய்யும்போது ஏசி வேண்டாம், ஃபேன் பாதி போதும், தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டாம். நின்றுவிடக் கூடாதவை மட்டும் ஓடினால் என்ன ஆகும்? ஃபிரிட்ஜ் 0.85, இன்வெர்ட்டர் 1, இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், ரவுட்டர், போன் சார்ஜ் என்று ஒரு நாளைக்கு 2.6 யூனிட். பேனல் ஒரே ஒரு யூனிட் தந்தாலும், நிரம்பிய பேட்டரி கிட்டத்தட்ட மூன்று நாள் தாங்கும். மூடும் முன்னால் பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வானிலை எச்சரிக்கை வந்தவுடன் சேமிக்கத் தொடங்கணும், பேட்டரி சிவப்பு காட்டும்போது தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது.

இந்த 2.6-இல் லேப்டாப் இல்லை. இருவரும் மீட்டிங்கில் உட்கார்ந்தால் ஒரு நாள் குறையும். அதற்காகவே சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வைத்திருப்பவர்கள் உண்டு. பச்சை வீட்டில் பெட்ரோலா என்று கேட்க வேண்டாம். வருடத்தில் நாலைந்து நாளுக்காகப் பேட்டரியை இரண்டு மடங்காக்குவதைவிட இது புத்திசாலித்தனம். இன்சுலினுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பதை வெளியே எத்தனை நாள், எத்தனை டிகிரியில் வைக்கலாம் என்பது வகைக்கு வகை மாறும். அதை மழை தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல டெல்டா கிராமங்களுக்குக் கரன்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த மாதிரி நாட்களில் லைன் வீட்டுக்காரர்களும் ஆஃப்-கிரிட்காரர்கள்தான், என்ன, முன்தயாரிப்பு இல்லாத ஆஃப்-கிரிட். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார் வைத்திருப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். லைன் போனால் பாதுகாப்புக்காக அதுவும் சேர்ந்தே அணைந்துவிடும், மாடியில் எவ்வளவு வெயில் அடித்தாலும்.

அப்போ லைனை விடலாமா?

வாசலில் ஈ.பி. கம்பம் இருக்கிறது என்றால், வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பேட்டரியில் சேமித்த யூனிட் எதனாலும் அந்த விலையோடு போட்டி போட முடியாது. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது, ஆனால் லைனோடு இணைந்த சோலாருக்கு மட்டும். லைனை வெட்டிவிட்டால் அந்த மானியமும் இல்லை. லைனும் கொஞ்சம் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட்தான் இவர்களுக்குச் சரி.

கம்பம் ரொம்ப தூரத்தில் இருந்து, இழுத்து வரும் செலவு சோலார் செலவைத் தொடுகிறது என்றால்தான் இந்தக் கட்டுரையின் கணக்கெல்லாம். அப்போதும் பேனல்காரரைக் கூப்பிடுவதற்கு முன் கொத்தனாரையும் பெயின்டரையும் கூப்பிடுவது உத்தமம். வரிசை மாறினால் செலவு ஏறும். 'எத்தனை கிலோவாட் போடணும்' என்று ஆரம்பிக்கிறவர்கள், சூடான வீட்டுக்கு ஏற்ற மாதிரி பேட்டரி வாங்கிவிட்டு, பிறகு வெள்ளையடித்துப் பார்த்து, இவ்வளவு வேண்டியிருந்திருக்காதே என்பார்கள்.

நத்தம் வீட்டுக்குத் திரும்புவோம். மாடிக்கு வெள்ளை அடித்தாயிற்று. பேனல் படுக்கையறைக்கு மேலே நகர்ந்தாயிற்று. மதியம் பேட்டரி நிரம்பியதும் இரண்டரை மணியிலிருந்து ஐந்து வரை, வீணாகப் போகவிருந்த வெயிலில் ஏசி ஓடுகிறது. அத்தை ஹாலில் வேர்க்காமல் அந்த அறையிலேயே ஒரு தூக்கம் போடுகிறார், சுவரும் குளிர்ந்துவிடுகிறது. இரவு ஏழு மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து தோப்புக் காற்றை உள்ளே விடுகிறார்கள். படுக்கும்போது ஏசி இரண்டரை மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரம்தான் தேவைப்படுகிறது. புதிதாக ஒரு பேட்டரியும் வாங்கவில்லை.

11.40-க்கு ஆப் 56 காட்டும். அத்தைக்கு வேர்த்தால் இன்னொரு மணி நேரம் ஏசி போடலாம். விடியும்வரை ஃபேன் நிற்காது.